புதிய மோட்டார் சைக்கிளும் உப்புக் காற்றும்



மாலை வேளையில் மூதூரிலிருந்து கிழக்கே வந்து கட்டைபறிச்சான் பாலத்தைக் கடப்பவர்களின் காதில் இருவகை யந்திர ஒலிகள் விழுவதுண்டு. ஒன்று, கொட்டியாரக் குடாவை நோக்கிப் புறப்படும் மீன்பிடி வள்ளத்தின் பின்புறத்திலே பூட்டிய வெளியிணைப்பு யந்திரத்தின் ஒலி. மற்றது, சேனையூர்ப் பக்கமிருந்து வரும் மோட்டார் சைக்கிளின் ஒலி. இக்காலத்து மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை நான்கடிப்பு யந்திரம் பூட்டியவை. அவற்றின் ஒலி அடங்கியது. ஆனால் எப்போதாவது ஒரு வண்டி கூரிய ஒலியோடும் மெல்லிய நீலப் புகையோடும், மணலென்றும் சேறென்றும் பாராமல் விரைந்து செல்லும். உயரமான மட்கார்டும், முரட்டுப் பல் வைத்த ரயரும் உடையது அது. இரண்டடிப்பு யந்திரம் பூட்டிய காட்டுவழி மோட்டார் சைக்கிள் அதுவே. வள்ளத்து யந்திரத்துக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டும் ஒரே குலத்தவை. ஆனால் ஒரே குலம் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே உணவைப் போடலாமா? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றது.

என் உறவினர் ஒருவர் விவசாயி. இரண்டு போகத்து நெல் விற்ற பணத்தைச் சேர்த்து இத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். பழைய வண்டிதான், ஆனால் உருளையைக் கடைந்து, புதிய பிஸ்டனும் வளையங்களும் போட்டுப் புதிதாக்கிய வண்டி. மூன்றாம் நாள் பெற்றோல் குறைந்திருந்தது. வீட்டிலே வள்ளத்துக்கென்று வைத்திருந்த கானிலே பெற்றோலை வாங்கி, வள்ளத்துக்கு ஊற்றும் எண்ணெயையே அதிற் கலந்து, வண்டியின் தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். சம்பூருக்கு அப்பால் மணற்பாதை. வெயில் கடுமை. பாரமும் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த யந்திரம் திடீரென்று இறுகிப் பின் சக்கரம் அசையாமல் நின்றது. அவர் தூக்கி எறியப்பட்டார். தோள் எலும்பு முறிந்தது. அந்தப் போகத்து அறுவடையைக் கூலிக்கு ஆள் பிடித்தே முடிக்க நேர்ந்தது. நான் பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றே: "வள்ளத்துக்குக் கெடுதல் செய்யாத எண்ணெய் இதுக்கு மட்டும் ஏன் கெடுதல் செய்யவேணும், அண்ணன்?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் யந்திரத்தின் வயிற்றுக்குள் சிறிது எட்டிப் பார்க்கவேண்டும். நான்கடிப்பு யந்திரத்திலே பிஸ்டனின் நான்கு அசைவுகளுக்கு ஒரு தடவை எரிபொருள் பற்றி எரிகின்றது. இரண்டடிப்பு யந்திரத்திலோ இரண்டு அசைவுகளுக்கு ஒரு தடவை. அதாவது, தண்டு ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் ஒரு வெடிப்பு நிகழ்கின்றது. திறந்து மூடும் வால்வுகள் இல்லை. உருளையின் சுவரிலே வெட்டிய துவாரங்களை மேலும் கீழும் போகும் பிஸ்டனே மறைத்தும் திறந்தும் கொடுக்கின்றது. இதில் முக்கியமான சூட்சுமம் ஒன்று உண்டு. பெற்றோலும் காற்றும் கலந்த கலவை, முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறைக்குள் வந்து, அங்கே அமுக்கப்பட்டு, அதன் பின்னரே மேலே போகின்றது. நான்கடிப்பு யந்திரத்தில் எண்ணெய் தங்கியிருக்கும் இடம் அந்த அறைதான். இங்கே அது கலவைக்கு வழியாகிவிட்டதனால் எண்ணெய் தங்குவதற்கு இடமில்லை. ஆகவே எண்ணெய் பெற்றோலோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும். தாங்கிகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, எரிந்து புகையாய் வெளியேற வேண்டும். நான்கடிப்பு யந்திரம் தன் எண்ணெயைத் தன் வயிற்றிலே சேமித்து வைத்திருக்கின்றது. இரண்டடிப்பு யந்திரமோ அன்றாடம் கையேந்தி உண்பது. கொடுப்பவனின் கை தவறினால் அதற்கு வேறு கதி இல்லை.

இனி என் உறவினரின் கேள்விக்கு வருவோம். வள்ளத்தின் யந்திரம் கடல்நீரை இறைத்துத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கின்றது. அது எத்தனை மணி நேரம் ஓடினாலும் அதன் சூடு ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை. அதற்கென்று செய்யப்பட்ட எண்ணெயின் தகரத்தில் டி.சி.-டபிள்யூ 3 என்ற குறி இருக்கும். அது எரிந்தபின் சாம்பல் மிஞ்சாதபடி, குளிர்ந்த யந்திரத்துக்கு ஏற்றவாறு செய்யப்பட்ட எண்ணெய். காற்றினால் குளிர்விக்கப்படும் மோட்டார் சைக்கிளின் உருளையோ அதைவிட மிகுந்த சூட்டில் வேலை செய்கின்றது. அங்கே இந்த எண்ணெயின் படலம் தாக்குப்பிடிப்பதில்லை. பிஸ்டன் வளையங்களும் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளுக்குரிய எண்ணெயின் தகரத்தில் ஜாசோ எஃப்.சி. அல்லது ஜாசோ எஃப்.டி. என்ற யப்பானியத் தரக்குறி இருக்கும். வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறியைப் பாருங்கள். இரண்டாவது குற்றம் கானிலே இருந்தது. வள்ளத்துக் கான்களில் மண்ணெண்ணெயும் நிரப்பப்படுவதுண்டு. அடியிலே தங்கிய மண்ணெண்ணெய் பெற்றோலோடு கலந்தால், கலவை உரிய நேரத்துக்கு முன்னரே தானாக வெடித்து, பிஸ்டனின் தலையைச் சுட்டுவிடும். மண்ணெண்ணெய் தொட்ட கானை மோட்டார் சைக்கிளுக்கு எடுக்கவே கூடாது.

எண்ணெயின் அளவையும் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வரும் கைந்நூல் 40க்கு 1 என்று சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 25 மில்லிலீற்றர் எண்ணெய். 5 லீற்றருக்கு 125. 50க்கு 1 என்றால், 5 லீற்றருக்கு 100. கண்மதிப்பாக ஊற்றாமல், மருந்துப் போத்தலில் அளப்பது போல அளந்து ஊற்றவேண்டும். தாங்கிக்குள் நேரே ஊற்றாமல், சுத்தமான தனிக் கானிலே கலந்து குலுக்கி ஊற்றுவது உத்தமம். கலந்து ஒரு மாதத்துக்கு மேலான பெற்றோலைப் புதிய யந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள். "எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் பாதுகாப்புத்தானே?" என்று பலர் எண்ணுவர். அது தவறு. காபரேற்றரின் துவாரத்தின் அளவு மாறுவதில்லை. எண்ணெய் கூடினால் அந்தத் துவாரத்தின் வழியே போகும் பெற்றோல் குறையும்; பெற்றோல் குறைந்த கலவை சூட்டைக் கூட்டும். மிகுதியும் ஆபத்து, குறைவும் ஆபத்து. சில வண்டிகளில் எண்ணெய்க்கென்று தனித் தாங்கியும், தானே அளந்து ஊட்டும் சிறு பம்பியும் உண்டு. யமஹா நிறுவனம் 1964ஆம் ஆண்டிலே தன் வண்டிகளில் இம்முறையைக் கொண்டுவந்தது. அத்தகைய வண்டியானால் எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழி இல்லையென்று உறுதிசெய்த பின்னரே முதன்முறை ஓட்டவேண்டும்.

இந்த யந்திரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டூகால்ட் கிளார்க் 1881இல் இரண்டடிப்பு யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் பாத் நகரிலே ஜோசப் டே என்பவர் 1891இல், நான் மேலே சொன்ன, கீழறையையே பம்பியாகப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1939இல் வெளியிட்ட ஆர்.டி. 125 என்ற சிறிய வண்டி, உலகப் போருக்குப் பின் பல நாடுகளுக்கும் மாதிரியாயிற்று. 1948இல் வந்த பிரித்தானியாவின் பி.எஸ்.ஏ. பாண்டமும், 1955இல் வந்த யமஹாவின் முதல் வண்டியும் அதன் வார்ப்புகளே. கிழக்கு ஜெர்மனியில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர், புகைக்குழாயை நடுவிலே பருக்கவும் நுனியிலே ஒடுங்கவும் செய்து, திரும்பிவரும் ஒலி அலையைக் கொண்டு யந்திரத்தின் வலுவைப் பெருக்கினார். அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பிச் சென்று, அந்த அறிவோடு சுசுகி நிறுவனத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டே 50 சி.சி. பிரிவில் உலக வீரரானார். 1968இல் யமஹா டி.டி.-1 என்ற 250 சி.சி. காட்டுவழி வண்டி சந்தைக்கு வந்தது. அதன் பின்னரே தெருவிலும் ஓடக்கூடிய, மணலிலும் ஓடக்கூடிய இந்த இனம் உலகெங்கும் பெருகியது.

உறுப்புகள் குறைவு, பாரம் குறைவு, ஒவ்வொரு சுற்றிலும் வலு. இவையே சேற்றிலும் மணலிலும் இந்த யந்திரத்துக்குப் பெருமை தந்தவை. ஆனால் எரியாத பெற்றோலையும் எண்ணெய்ப் புகையையும் வெளியே தள்ளுவதால் உலகம் இதனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இலங்கையிலும் 2008இல் இரண்டடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதியே பெரும்பாலும் தடைப்பட்டிருந்தது. ஆகவே இன்று ஒருவர் கையில் இத்தகைய வண்டி இருக்குமானால், அதன் உதிரிப் பாகம் எளிதிற் கிடைக்காதது என்ற நினைவு அவருக்கு இருக்கவேண்டும். கெட்டால் வாங்கலாம் என்பதல்ல, கெடாமற் காக்கவேண்டும் என்பதே இங்கு விதி.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே ஓட்டத் தோன்றும். அந்த ஆசையை ஒரு நாள் அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் நட்டுகளையும் புரியாணிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பின்பு கிறீஸ். கைபிடித் தண்டு திரும்பும் இடத்துத் தாங்கிகளிலும், பின் கவையின் மூட்டுகளிலும், சக்கர அச்சுகளிலும் தொழிற்சாலையிலே பூசப்படும் கிறீஸ் பெரும்பாலும் குறைவு. கழற்றித் துடைத்து, நீருக்குக் கரையாத நல்ல கிறீஸை நிறையப் பூசிப் பூட்டினால், உப்புநீர் உள்ளே நுழைவதற்கு இடமிராது. சக்கரத்துக் கம்பிகளைச் சிறு சாவியாற் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி மணிபோல ஒலிக்கும்; தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். புதிய சக்கரத்தின் கம்பிகள் முதல் சில ஓட்டங்களிலே தளர்வது இயல்பு. சங்கிலியை இழுத்துக் கட்டிவிடாதீர்கள். பள்ளத்தில் விழுந்து பின் சக்கரம் மேலே ஏறும்போது சங்கிலி மேலும் இறுகும். தளர்வு இல்லையேல் அறுந்துபோகும்.

அடுத்து, வண்டியை ஓட்டுபவரின் உடலுக்குப் பொருத்தவேண்டும். வண்டியைத் தாங்கியில் ஏற்றிப் பின் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, அச்சுக்கும் அதற்கு நேர் மேலே மட்கார்டில் இட்ட குறிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுங்கள். பின்பு வண்டியை இறக்கி, ஓட்டுபவர் ஏறி அமர, அதே தூரத்தை மற்றொருவர் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பின் சக்கரத்தின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கவேண்டும். அசைவு 300 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 100. கூடினாலும் குறைந்தாலும் சுருளின் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். இதைச் செய்யாத வண்டி மணலிலே முன் சக்கரத்தைப் புதைக்கும்; அல்லது மேட்டிலே ஓட்டுபவரை உதைத்தெறியும். ரயரின் காற்று காட்டுவழியில் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 இறாத்தல் வரை போதும். தார்த் தெருவுக்கு வந்ததும் கைந்நூல் சொல்லும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளவேண்டும்.

இனி யந்திரத்தைப் பழக்கும் முறை. புதிய பிஸ்டனும் புதிய உருளையும் இன்னும் ஒன்றையொன்று அறியாதவை. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இரண்டிலும் உண்டு. சூடேறும்போது பிஸ்டன் உருளையைக் காட்டிலும் விரைவாகப் பருக்கும். ஆகவே முதல் நாள் யந்திரத்தை முடுக்கி, மிதமாக ஓடவிட்டு, உருளை நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி, கையால் தொடக்கூடியவாறு முழுவதும் ஆறவிடுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று தடவை செய்த பின்னரே தெருவுக்குக் கொண்டுபோங்கள். தெருவிலும் ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல், வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும். உயர்ந்த கியரில் திணறவிடக் கூடாது. முழு வேகம் வேண்டவே வேண்டாம். மணல் யந்திரத்தின் மேல் பெரும் பாரத்தை ஏற்றுவது. எனவே பழக்கும் காலத்தில் கடற்கரையை மறந்துவிட்டு, மூதூர்த் தெருவிலேயே ஓட்டுங்கள்.

இன்னொன்று. வேகமாகப் போய்க்கொண்டிருக்கையில் கைத்திருகை முற்றாக மூடிவிட்டு யந்திரத்தாலேயே வண்டியை நிறுத்த முயலாதீர்கள். திருகை மூடினால் பெற்றோல் நிற்கும்; பெற்றோல் நின்றால் எண்ணெயும் நிற்கும்; சுழற்சி மட்டும் நிற்பதில்லை. கிளச்சைப் பிடித்துவிட்டுத் திருகைச் சற்றே திறந்து மூடினால், உள்ளே ஒரு வாய் எண்ணெய் போகும். இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளச்சின் மேலே இருக்கட்டும். யாரோ பின்னாலிருந்து பிடித்திழுப்பது போல வலுக் குறைந்தாலோ, ஒலி மாறி இறுகினாலோ, யோசிக்காமற் கிளச்சைப் பிடியுங்கள். சக்கரம் விடுபட்டு உருளும், நீங்கள் விழமாட்டீர்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் என் உறவினரின் தோள் தப்பியிருக்கும்.

பழக்கும் காலம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் நுனி பாற்கோப்பி நிறமாக இருந்தால் யந்திரம் நலமாயிருக்கிறது. வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு, சூடு அதிகம் என்று பொருள். கறுத்து ஈரமாயிருந்தால் பெற்றோலோ எண்ணெயோ மிகுதி. யந்திரம் முற்றாக ஆறிய பின் உருளைத் தலையின் நட்டுகளைக் கைந்நூல் சொல்லும் அளவுக்கு மீண்டும் இறுக்கி, கியர் எண்ணெயை மாற்றுங்கள். வடியும் எண்ணெயில் மினுங்கும் பொடியைக் கண்டால், ஏன் மாற்றச் சொன்னார்கள் என்பது விளங்கும்.

இனி நம் நாட்டுக் காற்றையும் நீரையும் பற்றிச் சொல்லவேண்டும். கச்சான் வீசும் மாதங்களிலே புழுதி எழும். வாடைக் காற்று மழையையும் சேற்றையும் கொண்டுவரும். உப்போ பன்னிரண்டு மாதமும் உண்டு. இரண்டடிப்பு யந்திரம் மூச்சு வாங்கும் காற்று நேரே அதன் தாங்கிகளின் மேலேயே போகின்றது. ஒரு சிட்டிகை மணல் அங்கே போனால் அது அரத்தின் வேலையைச் செய்யும். ஆகவே காற்று வடிகட்டியை ஒவ்வொரு புழுதி ஓட்டத்துக்குப் பின்னும் கழற்றிக் கழுவவேண்டும். பெற்றோலிற் கழுவினால் அதன் பசை விட்டுப்போகும்; தீ அபாயமும் உண்டு. அதற்குரிய கழுவுதிரவத்திலோ, அது கிடையாவிடில் சவர்க்கார நீரிலோ கசக்கி, முறுக்காமற் பிழிந்து, நிழலில் உலர்த்தி, வடிகட்டி எண்ணெயை எங்கும் ஊறவைத்து, விளிம்பிலே கிறீஸ் தடவிப் பூட்டுங்கள். இரண்டு வடிகட்டிகள் வைத்திருந்தால், ஒன்று உலரும்போது மற்றது வேலை செய்யும்.

கடற்கரையிலும் களப்போரத்திலும் ஓடிய வண்டியை அன்றைக்கே நல்ல நீரினாற் கழுவவேண்டும். நாளைக்கு என்று விட்டால் உப்பு இரவு முழுவதும் வேலை செய்யும். வேகமாகப் பீறிடும் நீரைச் சக்கரத் தாங்கிகளுக்கும் காபரேற்றருக்கும் நேரே அடிக்காதீர்கள். அது உப்பை உள்ளே தள்ளிவிடும். கழுவிய பின் யந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். புகைக்குழாயின் வெளிப்புறத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு பூச்சுக் கொடுங்கள். மின்கம்பிகளின் இணைப்புகளைப் பிரித்துச் சிறிது கிறீஸ் வைத்துப் பூட்டுவதும் நல்லது. கல்லுள்ள இடங்களில் ஓட்டுபவர்கள் யந்திரத்தின் அடியிலே ஒரு தகட்டையும், கைகளுக்கு முன்னே காப்புகளையும் பூட்டிக்கொள்ளவேண்டும். புகைக்குழாய் நசுங்கினால் அழகு மட்டுமா கெடும்? வலுவும் குறையும்.

வண்டி நீரில் மூழ்கிவிட்டால் செய்யவேண்டியதை வள்ளக்காரர்கள் நன்கு அறிவர். முதல் விதி, உதைத்து முடுக்காதிருப்பது. நீரை அமுக்க முடியாது. உருளைக்குள் நீர் இருக்கையில் உதைத்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். பெற்றோலை மூடி, பிளக்கைக் கழற்றி, வண்டியைச் சரித்து நீரை வடியவிட்டு, அதன் பின் பிளக் இல்லாமலே மெல்ல உதைத்து மிச்ச நீரையும் வெளியேற்றுங்கள். காபரேற்றரின் கிண்ணத்தையும் வடிகட்டியையும் உலர்த்துங்கள். கியர் எண்ணெய் பால் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள். மூழ்கியது உப்புநீரிலென்றால் அன்றைக்கே யந்திரத்தை முடுக்கி ஓடவைக்கவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தாங்கிகளிலே துரு ஏறத் தொடங்கும்.

மாரி மழையில் வண்டி வாரக்கணக்கில் நிற்கவேண்டி வந்தால், காபரேற்றரிலுள்ள பெற்றோலை வடித்து, பிளக் துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டி இரண்டடிப்பு எண்ணெயை விட்டு மெல்லச் சுழற்றி வையுங்கள். புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, அடைத்ததை மறவாதிருக்க அத்துணியின் ஒரு முனையைக் கைபிடியிலே கட்டிவிடுங்கள். ஓட்டுபவரைக் காப்பதும் வண்டியைக் காப்பதில் ஒரு பகுதியே. தலைக்கவசமும் கணுக்காலை மூடும் சப்பாத்தும் இல்லாமல் மணலுக்குள் இறங்காதீர்கள். பிறருடைய வயல் வரம்பின் மேல் ஓட்டாதீர்கள். ஒரு நிமிட விளையாட்டு, ஓர் ஏழையின் வயல் நீரை வடித்துவிடும்.

என் உறவினரின் தோள் ஆறிவிட்டது. உருளையை மறுபடியும் கடைந்து, அடுத்த அளவுப் பிஸ்டன் போட்டு, இம்முறை பொறுமையோடு பழக்கினார். இப்போது அவர் வீட்டுக் கொட்டிலிலே இரண்டு கான்கள் இருக்கின்றன. வள்ளத்துக் கானுக்கு நீல நிறம். மோட்டார் சைக்கிள் கானுக்குச் சிவப்பு. சிவப்புக் கானின் கழுத்திலே நூலிற் கட்டிய ஒரு மருந்து அளவை தொங்குகின்றது. வீட்டுப் பிள்ளைகள்கூட அவற்றை மாற்றி எடுப்பதில்லை. மாட்டைப் பட்டியிலே கட்டிவிட்டுத்தான் நாம் உண்ணப் போனோம். உழைக்கும் உயிருக்கு முதலில் தீனி என்பது நம் முன்னோரின் ஒழுக்கம். உயிரில்லாத யந்திரத்துக்கும் அந்த ஒழுக்கம் பொருந்தும். அளந்த எண்ணெயும், கழுவிய வடிகட்டியும், முதல் மாதத்துப் பொறுமையும் இருந்தால், உப்புக் காற்று வீசும் ஊரிலும் அது பல்லாண்டு உழைக்கும்.